ஆடிட்டர்: டிக் போடுவதிலிருந்து கையெழுத்து வரை

ஆடிட் டீமில் பயிற்சிக்காகப் புதிதாகச் சேர்ந்த ஆர்டிகிள் மாணவருக்குக் கொடுக்கப்படும் முதல் வேலைகளில் ஒன்று, வங்கிகளுக்குக் கடிதம் அனுப்புவது. கிளையன்ட் கம்பெனிக்கு மார்ச் 31 அன்று உங்கள் வங்கியில் எவ்வளவு இருப்பு, எவ்வளவு கடன், எந்த டெபாசிட்டின் மீதாவது அடமானம் உண்டா என்று கேட்கும் கடிதம் அது. ஆபீஸில் இதை 'பேங்க் கன்ஃபர்மேஷன்' என்பார்கள். முகவரி சரிபார்ப்பது, அனுப்புவது, பதில் வராத கிளைக்கு மறுபடி எழுதுவது, வந்த பதிலை ஃபைலில் சேர்ப்பது என்று எல்லாமே அலுப்பூட்டும் வேலைதான். சீனியர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் பி.ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் இந்திய கார்ப்பரேட் உலகையே உலுக்கியது. கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்டிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். சரக்குக்கு மதிப்புப் போடுவதிலோ, பிராண்டுக்கு விலை வைப்பதிலோ நடந்த கருத்து வேறுபாடு அல்ல இது. வங்கியைக் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடக்கூடிய விஷயம். அந்தக் கம்பெனிக்கு ஆடிட் செய்தது உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸ்.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது. வங்கிகளுக்குக் கடிதம் போய்ச் சேருவதையும் பதில் வருவதையும் ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை சத்யம் நிர்வாகத்திடமே விட்டிருந்தார்கள். ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர், ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் அமெரிக்க வாரியத்துக்கு 15 லட்சம் டாலர் என்று அபராதம் விழுந்தது. 2015இல் ஹைதராபாத் நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட குற்றவாளிகளுக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது, அவர்களில் இருவர் ஆடிட்டர்கள்.

கார்ப்பரேட் ஆடிட்டர் ஒருவரின் வேலையையும் வளர்ச்சியையும் பற்றிப் பேசும்போது சம்பளம், பதவி, வெளிநாட்டு வாய்ப்பு என்றுதான் பேச்சு போகும். அவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தத் தொழிலில் மேலே போகப் போக, சான்றை நேரில் பார்ப்பவருக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போடுபவருக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறார் என்பதில்தான் ஓர் ஆடிட்டரின் தரம் தெரிகிறது.

மூன்று மார்ச், இரண்டு மார்ச்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ., 1949 ஜூலை 1இல் தனிச் சட்டத்தின் கீழ் பிறந்தது. இன்று அதன் உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஆடிட்டர் ஆக அது நடத்தும் தேர்வில் ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று படிகள். ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்ற இரட்டை நிபந்தனையில் தடுக்கி விழுகிறவர்கள்தான் அதிகம். 2024 மே மாத ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 19.88 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 13.44 சதவீதம்.

பரீட்சையைவிட மாணவரை உருவாக்குவது ஆர்டிகிள்ஷிப். மூன்று ஆண்டாக இருந்த இந்தப் பயிற்சியை 2023 ஜூலை முதல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். சீக்கிரம் சம்பாதிக்கலாம், படிப்புக்கு நேரம் கிடைக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று மார்ச் முடிவுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாணவர், இப்போது இரண்டை மட்டுமே பார்க்கிறார். ஒரு கம்பெனியின் கணக்கை முதல் ஆண்டு பார்க்கும்போது எதுவும் புரியாது. இரண்டாம் ஆண்டு ஒப்பிட முடியும். போன வருஷம் இதே மாதம் வந்த செலவு இந்த வருஷம் ஏன் காணோம் என்ற கேள்வி பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் தானாக எழும். அந்த மூன்றாம் ஆண்டின் பாடத்தை இனி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்க வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலில் நுழைவதே போராட்டமாக இருந்த காலமும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டரான ஆர்.சிவபோகம் சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்தவர். சென்னை ஆடிட்டர் சி.எஸ்.சாஸ்திரியிடம் பயிற்சி பெற்று 1933இல் அரசு கணக்கியல் டிப்ளமாவில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றது. அவர் வழக்குத் தொடுத்து வென்று, 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் ஐ.சி.ஏ.ஐ.யின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். சென்னையில் ஆடிட் படிக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

குடோனுக்குள் இறங்கினால்

ஆடிட் என்றால் ஏ.சி. அறையில் லேப்டாப் என்று நினைப்பவர்கள், ஸ்டாக் வெரிஃபிகேஷன் நாளில் ஒரு நூற்பாலை குடோனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மார்ச் 31. பருத்தி பேல்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒரு பேல் சுமார் 170 கிலோ. முன்வரிசையை எண்ணி, உயரத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும் என்று ஸ்டோர்ஸ்காரர் சொல்வார். அனுபவமுள்ள ஆடிட்டர் அடுக்கின் மேல் ஏறச் சொல்வார். நடுவில் வெற்றிடம் இருந்தால் மேலிருந்துதான் தெரியும். பிறகு ஸ்டாக் ஷீட்டில் இருக்கும் சில லாட் எண்களைக் குறித்துக்கொண்டு அவை குடோனில் எங்கே என்று தேட வேண்டும். அது முடிந்ததும் தலைகீழாக, குடோனில் கண்ணில் படும் சில பேல்களின் எண்ணைக் குறித்து அவை ஷீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் வழியில் இல்லாத சரக்கு பிடிபடும். இரண்டாம் வழியில் கணக்கில் வராத சரக்கு பிடிபடும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் கிளம்புவது பாதி வேலை.

கடைசியாக, அன்று உள்ளே வந்த கடைசி லாரியின் சரக்கு வரவுச் சீட்டு எண்ணையும், வெளியே போன கடைசி இன்வாய்ஸ் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 2ஆம் தேதி போன சரக்கை மார்ச் விற்பனையில் சேர்த்துவிட்டால் லாபம் கூடும். அதைப் பிடிப்பது இந்த இரண்டு எண்கள்தான். பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே இதைச் செய்யும் இருபது வயது மாணவருக்கு, தான் எழுதுவது பல கோடி ரூபாய்க்கான சான்று என்று யாராவது சொன்னால் அவர் வேலையே மாறிவிடும். பல ஆபீஸ்களில் யாரும் சொல்வதில்லை.

இப்படி நேரில் எண்ண வேண்டும் என்ற விதி சும்மா வரவில்லை. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில், மேனேஜர் ஆண்டுக்கணக்கில் பருத்தி, நூல் இருப்பைக் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவருடைய சான்றிதழை அப்படியே ஏற்றார்கள். 1896இல் தீர்ப்பு ஆடிட்டர்களுக்குச் சாதகமாக வந்தது. ஆடிட்டர் காவல்நாய், வேட்டைநாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். சரக்கை எண்ணுவது தங்கள் வேலை இல்லை என்று அதன்பின் பல பத்தாண்டுகள் ஆடிட்டர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 1938இல் அமெரிக்காவின் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் மருந்துக் கம்பெனி அந்த நிம்மதியைக் கலைத்தது. கனடாவில் இருப்பதாகச் சொன்ன கிடங்குகளும் சரக்கும் வெறும் காகிதம். சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் 1.9 கோடி டாலர் கற்பனை. சரக்கை நேரில் பார்ப்பதும், கடன்பட்டவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவதும் அதற்குப் பிறகே கட்டாய நடைமுறை ஆயின.

நேரில் பார்ப்பதும் போதாது என்று 1963 காட்டியது. நியூ ஜெர்ஸியின் பயோன் நகரில் சமையல் எண்ணெய்த் தொட்டிகள். மேலாக மிதந்தது எண்ணெய், அடியில் முழுக்கத் தண்ணீர். அந்த எண்ணெயை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் கோடிக்கணக்கில் இழந்தார்கள்.

மேனேஜர், பார்ட்னர்

தேர்வில் தேறியதும் பலரும் குறிவைப்பது டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களை. நடுத்தர ஆடிட் நிறுவனங்களில் சேர்கிறவர்களும் உண்டு. அங்கே ஒரே ஆள் சரக்கும் பார்ப்பார், வரியும் பார்ப்பார், முதலாளியோடு நேரடியாகவும் பேசுவார்; பெரிய நிறுவனத்தில் ஒருவர் மாதக்கணக்கில் ஒரு வங்கியின் கடன் பிரிவை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். அகலம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்பதை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவு செய்துவிடுவது நல்லது.

சீனியர், அசிஸ்டென்ட் மேனேஜர், மேனேஜர், டைரக்டர், பார்ட்னர். பார்ட்னர் நாற்காலிக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆகும். ஒவ்வொரு படியிலும் கையில் இருக்கும் பொருள் மாறுகிறது. ஆர்டிகிள் மாணவர் வவுச்சரைப் பார்க்கிறார். சீனியர் அந்த மாணவரின் வொர்க்கிங் பேப்பரைப் பார்க்கிறார். மேனேஜர் சீனியர் எழுதிய குறிப்பைப் பார்க்கிறார். பார்ட்னர் மேனேஜர் தயாரித்த சுருக்கத்தைப் பார்க்கிறார். கையெழுத்து அவருடையது.

இந்தச் சங்கிலியில் எங்கே பிசகும் என்பதை அனுபவசாலிகள் ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுவார்கள். வொர்க்கிங் பேப்பரில் 'மேனேஜ்மென்ட்டுடன் பேசப்பட்டது, திருப்தி' என்று எழுதியிருந்தால் அங்கே நிறுத்த வேண்டும். யாரோடு, எந்தத் தேதியில், என்ன கேட்டு, என்ன காகிதம் பார்த்து? இதற்குப் பதில் இல்லாத குறிப்பை நல்ல மேனேஜர் திருப்பி அனுப்புவார். நேரம் போதாத மேனேஜர் அதன் மேலேயே டிக் போடுவார். ஃபைலில் இல்லாதது செய்யப்படாதது என்பதே ஆடிட்டில் எழுதாத சட்டம். அறிக்கை தேதியிலிருந்து 60 நாளில் ஃபைலைக் கட்டி மூடிவிட வேண்டும் என்று ஆடிட் தரவிதிகள் சொல்கின்றன.

மேலே போனவருக்கு இன்னொரு திறன் வேண்டியிருக்கிறது: எது பெரிது, எது சிறிது என்று முடிவு செய்வது. எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது பலர் கையாளும் கணக்கு. 100 கோடி லாபமுள்ள கம்பெனியில் 5 கோடிக்குக் கீழான தவறு அறிக்கையின் மொத்தப் படத்தை மாற்றாது என்று அர்த்தம். ஆனால் அந்த 5 கோடிக்குக் கீழே இருப்பது இயக்குநரின் மைத்துனருக்குப் போன பணமாக இருந்தால்? தொகையைப் பார்க்காமல் தன்மையைப் பார்க்கத் தெரிந்தவரே பார்ட்னர் ஆகத் தகுந்தவர்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதுதான் கேள்வி. பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண்டு முடிவுகளை 60 நாளுக்குள், அதாவது மே 30க்குள் வெளியிட வேண்டும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் காலாண்டு ரிவ்யூ, பின்னாலேயே வருமான வரி ஆடிட். 'சீசன்' என்று ஒரு காலத்தில் சொன்னது இப்போது வருஷம் முழுக்க ஓடுகிறது. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் இறந்தார். வேலைப் பளுதான் மகளைக் கொன்றது என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரிப்பதாக அறிவித்தது. அந்த ஒரு மரணத்தின் காரணத்தை வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவு தாண்டி வொர்க்கிங் பேப்பர் நிரப்பும் இளைஞர்கள் அந்தக் கடிதத்தைத் தங்கள் கதையாகவே படித்தார்கள். தூங்காத கண் சான்றைப் பார்க்காது. இது மனிதாபிமானப் பிரச்சினை மட்டுமல்ல. அந்த ஆடிட் அறிக்கையை நம்பிப் பங்கு வாங்கும் ஒவ்வொருவரின் பிரச்சினையும்கூட.

சத்யத்துக்குப் பிறகு சட்டம் சும்மா இருக்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, பட்டியலிட்ட கம்பெனியில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஆடிட் செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதித் தரும் வேலையும் செய்ய முடியாது. ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ மோசடி நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். 2018 அக்டோபர் 1இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம், தவறிய ஆடிட்டரைப் பத்து ஆண்டு வரை தொழிலிலிருந்து விலக்கி வைக்கலாம். தனிநபருக்கான அபராதம் வாங்கிய கட்டணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை போகலாம். 2019 ஜூலை முதல் ஒவ்வொரு ஆடிட் அறிக்கைக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. ஆடிட்டர் பெயரில் வேறு யாரோ போட்ட போலிக் கையெழுத்து இனி எளிதில் செல்லாது. கையெழுத்தின் விலை ஏறியிருக்கிறது. அதனால் சில நல்ல மேனேஜர்கள் பார்ட்னர் நாற்காலியே வேண்டாம் என்று கம்பெனிகளுக்குள் இன்டர்னல் ஆடிட்டுக்குப் போகிறார்கள்.

உள்ளே இருந்து பார்ப்பவர்

இன்டர்னல் ஆடிட்டர் கம்பெனியின் சம்பளக்காரர். கணக்கு சரியா என்பதோடு, கொள்முதல், கிடங்கு, கணினி, கிளைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. வெளியாள் வருஷத்துக்குச் சில வாரம் வந்து போவார். இவர் வருஷம் முழுக்க உள்ளேயே இருக்கிறார். கேன்டீனில் காதில் விழும் பேச்சும் இவருக்குத் துப்புதான். வளர்ச்சிக்கும் இங்கே வழி அதிகம். தொழிலின் ஒவ்வொரு மூலையையும் பார்த்தவர் என்பதால் இங்கிருந்து நிதித் தலைமைக்கும் நிர்வாகத் தலைமைக்கும் போகிறவர்கள் உண்டு.

இந்த வேலையின் முழு எடை தெரிய வேண்டுமானால் 2002இல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சிந்தியா கூப்பர் அங்கே இன்டர்னல் ஆடிட் பிரிவின் தலைவர். ஒரு பிரிவின் ஒதுக்கீட்டிலிருந்து 40 கோடி டாலரை எடுத்து லாபத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று அந்தப் பிரிவின் அதிகாரியே வந்து குறைப்பட்டபோது சந்தேகம் தொடங்கியது. வெளி ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சனிடம் கேட்டார். பிரச்சினை எதுவும் இல்லை என்றார்கள். நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன், இதில் தலையிடாதே என்று கோபப்பட்டார். காகிதப்படி கூப்பருக்கு அவர்தான் மேலதிகாரி.

கூப்பரின் குழுவில் இருந்த ஜீன் மோர்ஸ் கணினிப் பதிவுகளைத் தோண்டினார். பகலில் பெரிய தேடல் போட்டால் சர்வர் திணறும், யாராவது கவனிப்பார்கள் என்று இரவில் வேலை செய்தார்கள். தரவு அழிக்கப்பட்டுவிடலாம் என்ற பயத்தில் சி.டி.யில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். கிடைத்தது எளிய தந்திரம். மற்ற தொலைபேசிக் கம்பெனிகளின் லைன்களைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகை, அந்தந்த மாதச் செலவு. அதைச் சொத்து என்று எழுதி வைத்திருந்தார்கள். செலவு சொத்தானால் நஷ்டம் லாபமாகும். ஆதாரக் காகிதம் கேட்டபோது யாரிடமும் இல்லை. இந்த ஆடிட்டை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவை என்று சல்லிவன் சொன்னார். கூப்பர் மறுத்து, இயக்குநர் குழுவின் ஆடிட் கமிட்டித் தலைவரிடம் போனார். ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் தவறு என்று கம்பெனி அறிவித்தது. அடுத்த மாதமே திவால் மனு. முழுக் கணக்கும் வெளிவந்தபோது தொகை 1,100 கோடி டாலர் அளவுக்குப் போனது. தலைமை நிர்வாகி பெர்னி எப்பர்ஸுக்கு 2005இல் 25 ஆண்டு சிறை.

மோர்ஸ் அன்று இரவுகளில் கையால் தேடியதை இன்று ஒரு மென்பொருள் சில நிமிடத்தில் தேடிவிடும். ஞாயிற்றுக்கிழமை போட்ட பதிவு, நள்ளிரவில் போட்ட பதிவு, முழு ரூபாயில் முடியும் பெரிய தொகை, வழக்கமாகக் கணக்கு எழுதாத உயரதிகாரியின் பெயரில் விழுந்த பதிவு என்று லட்சக்கணக்கான வரிகளிலிருந்து சல்லடை போட்டுக் கொடுக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். எக்ஸெல்லோடு கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்த இளம் ஆடிட்டருக்கு இன்று கிராக்கி இருப்பது இதனால்தான். ஆனால் சல்லடையில் நின்ற பதிவைப் பற்றி நிதித் தலைவரின் அறைக்குப் போய்க் கேட்பது இன்னும் மனிதர் செய்ய வேண்டிய வேலை. அப்படிக் கேட்டவரின் இன்கிரிமென்ட்டை யார் தீர்மானிக்கிறார் என்பது அப்போது முக்கியமாகிவிடுகிறது.

இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிகளின்படி, பட்டியலிட்ட கம்பெனிகளில் தலைமை இன்டர்னல் ஆடிட்டரின் நியமனம், நீக்கம், ஊதியம் ஆகியவை ஆடிட் கமிட்டியின் பரிசீலனைக்கு உட்பட்டவை. அவர் கமிட்டியிடம் நேரடியாக அறிக்கை கொடுப்பது மட்டும் விருப்ப விதியாகவே இருக்கிறது; செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். இது கட்டாயம் ஆக வேண்டும். அதுவரை, இன்டர்னல் ஆடிட் தலைமைப் பதவிக்கு அழைப்பு வரும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. அறிக்கை முதலில் யார் மேஜைக்குப் போகிறது, நிதித் தலைவர் இல்லாமல் கமிட்டியைத் தனியாகச் சந்திக்க முடியுமா, ஆடிட் திட்டத்திலிருந்து ஒரு பிரிவை நீக்கும் அதிகாரம் யாருக்கு, முந்தைய ஆடிட் தலைவர் ஏன் போனார். பதில்களை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.